ஆல்பினாவின் சீட்டுக்குப் பின்னால்

லூமிர் கோவாரிக் எங்கள் மாவட்டத்தில் முப்பத்தொரு வருஷம் ரோடு சீவினார். அவர் அப்படித்தான் சொல்வார். இங்கே பாதி ரோடுகள் சரளை போட்ட மண் ரோடுகள். மழை பெய்தால் பள்ளம் விழும், காய்ந்தால் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக மேடு கட்டும். மஞ்சள் மெஷினின் நீளத் தகட்டை இறக்கிவிட்டு, காலை ஆறு மணியிலிருந்து அவர் ஊர்ந்துகொண்டிருப்பார். நார்த் லூப் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எந்தப் பண்ணை நாய் துரத்தும், எந்த வீட்டில் அன்று கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி சுட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. கொடிமுந்திரிக்கூழ் வைத்த கொலாச்சி என்றால் அந்த வீட்டு வாசலில் மட்டும் ரோடு இரண்டு தடவை சீவப்படும் என்று பேச்சு.

ஐந்தடி நாலு அங்குலம்தான் இருப்பார். அவர் மனைவி ஆல்பினா அவரைவிட ஏழு அங்குலம் உயரம். கல்யாணத்தன்று மாதாகோயில் வாசலில் போட்டோ எடுத்தபோது ஆல்பினாவைக் கீழ்ப்படியில் நிற்கவைத்தார்கள். அந்தப் போட்டோவைக் காட்டி, "பாத்தியா, அன்னிக்கு ஒருநாள்தான் இவ எனக்குச் சமமா நின்னா" என்று லூமிர் எல்லாரிடமும் சொல்வார். "அன்னிக்கும் நீங்க எக்கித்தானே நின்னீங்க" என்பார் ஆல்பினா.

வாரம் முழுக்க மெஷினின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வண்டி வாங்கும்போது கூரை கழற்றுகிற வண்டியாகப் பார்த்து வாங்கினார். குட்டையான, பெட்டி மாதிரி ஒரு வண்டி. முன்னால் இரண்டு தனி சீட், பின்னால் இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே ஒரு சின்ன பெஞ்சு. வெளிர்பச்சை நிறம். அப்போது நாலு வயதாயிருந்த மகன் மைரன் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தான். ஈஸ்டருக்கு மறுநாள் கூரை கழன்று கொட்டகை உத்தரத்தில் கயிற்றில் தொங்கும். சோளம் அறுத்து முடிந்த பிறகுதான் கீழே இறங்கும். நடுவில் மழை வந்தால் நனைவார்கள். அது அந்த வீட்டுச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் முடிந்து, வாத்து வறுவலும் மாவுருண்டையும் புளித்த முட்டைக்கோஸும் சாப்பிட்ட கையோடு மூன்று பேரும் தவளையில் கிளம்புவார்கள். அந்த வாரம் லூமிர் சீவிய ரோடுகளைச் சுற்றி வருவார்கள். ஆல்பினா மடியில் ஒரு கண்ணாடிக் குவளை இருக்கும். விளிம்புவரை தண்ணீர்.

"தளும்புதா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லங்க."

"பாலத்துக்கிட்ட?"

"இங்க தளும்புது. என் பாவாடை நனைஞ்சாச்சு."

எங்கே தளும்பியதோ அந்த இடத்துக்குத் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மெஷினோடு போய்விடுவார். அந்தக் குவளைக்குத் தெரியாமல் எங்கள் மாவட்டத்தில் ஒரு ரோடும் நல்ல ரோடு ஆனதில்லை. நான் எங்கள் வீட்டுப் பால்கேன்களுக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் போவதைப் பார்ப்பேன். முன்னால் ஒரு குட்டைத் தலை, பக்கத்தில் ஒரு நெட்டைத் தலை, நடுவில் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சின்னத் தலை. கையாட்டுவார்கள். நான் ஆட்டுவேன், அவர்கள் போன பிறகு.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சித்தப்பாவின் கடையில் டிராக்டர் சீட்டு, குதிரைச் சேணம், சோபா எல்லாவற்றுக்கும் உறை தைக்கக் கற்றுக்கொண்டேன். அவருக்குப் பிறகு கடை என்னுடையது. வந்தவர்கள் பேசுவார்கள், நான் வாயில் ஆணியை வைத்துக்கொண்டு கேட்பேன். வாயில் ஆணி இருந்தால் பதில் சொல்லவேண்டியதில்லை.

எழுபத்தெட்டில், சோளம் விதைக்கிற சமயம், ஆல்பினா கடைக்கு வந்தார். பழைய கம்பளியில் சுற்றி எதையோ கட்டிப்பிடித்து இறக்கினார். தவளையின் முன்சீட்டு முதுகு. அவருடைய சீட்டு.

"நாலு போல்ட்டுதான், நானே கழட்டிட்டேன்" என்றார். "அவர் ஆத்துக்கு அந்தப் பக்கம் சீவறார். சாயங்காலத்துக்குள்ள திரும்ப மாட்டணும். வெர்னா, இதுக்குள்ள இருக்கறதையெல்லாம் எடுத்துடு."

நான் ஆணியைத் துப்பினேன். "எல்லாத்தையுமா?"

"மைரனுக்குப் பதினாறு வயசு, ஆறடி தாண்டிட்டான். என் பின்னால உட்கார்ந்தா முட்டி மோவாய்ல இடிக்குது. நான் சீட்ட முன்னால தள்ளலாம்னா என் காலும் அவன் கால் மாதிரிதானே, டேஷ்போர்டுல மோதுது. ரெண்டு அங்குலம் கிடைச்சாப் போதும்."

"உங்களுக்கு முதுகுல கம்பி குத்துமே."

"ஒரு திண்டு வச்சுக்கறேன்."

"லூமிர்கிட்ட சொன்னா அவரே ஏதாவது..."

"சொன்னா மறுநாளே தவளைய வித்துட்டு நாலு கதவு வண்டி ஒண்ணு கொண்டுவந்து நிறுத்துவார். பையன் கால் வலிக்குதுன்னா அவர் பாத்துட்டு இருக்க மாட்டார். அப்புறம் ஞாயித்துக்கிழமைல நாங்க கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போகணும்." அவர் சிரித்தார். "எனக்கு அது வேணாம். அவருக்கும் வேணாம். நீ யார்கிட்டயும் சொல்லாத."

குதிரைமயிர், பஞ்சு, சுருள்கம்பி எல்லாவற்றையும் எடுத்தேன். குறுக்கே ஒரு இரும்புக்கம்பி மட்டும் சட்டத்தோடு சேர்ந்தது, அதை எடுக்க முடியவில்லை. பின்பக்க உறையைப் பார்த்தால் தெரியாதபடி நேராக இழுத்துத் தைத்தேன். முட்டி பட்டால் உள்ளே போகும், எடுத்தால் மறுபடி நேராகிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம், மைரன் கல்யாணம் ஆகி லிங்கன் நகரத்துக்குப் போன பிறகும்கூட, ஆல்பினா அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு நீலக் கட்டம்போட்ட திண்டு. மடியில் குவளை.

தொண்ணூற்று நாலில் அவர் இறந்தார். லூமிர் மறுவருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமைச் சுற்றல் நின்றது. வருஷத்துக்கு ஒரே ஒருநாள், மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, இறந்தவர்களுக்குப் பூ வைக்கிற நாளில் மட்டும் அப்பாவும் மகனும் தவளையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். காப்பித் தகரடப்பாவில் தண்ணீர் ஊற்றி, வீட்டுத் தோட்டத்துப் பியோனிப் பூக்களை வைத்து, அந்த டப்பாவை ஆல்பினாவின் சீட்டில் நிறுத்தி பெல்ட் போட்டுவிடுவார் லூமிர். நீலத்திண்டு அங்கேயே இருக்கும். அந்தச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. யாரும் உட்கார்ந்ததும் இல்லை. மைரன் பழையபடி பின்னால் ஏறிக்கொள்வார்.

அவர் மின்கம்பம் ஏறுகிற வேலை. நாற்பது வயதில் கம்பத்திலிருந்து விழுந்து வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது. போன வருஷம் அந்த நாளில் வந்தபோது முட்டி சரியாக மடங்கவில்லை. இரண்டு தடவை ஏறப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா சீட்ட ரெண்டு பல்லு முன்னால தள்ளிக்கறேன்" என்று சொல்லி, சீட்டை நகர்த்துகிற லீவரில் கைவைத்தாராம். லூமிர் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டாராம்.

"அப்ப நான் என் கார்ல வரேன். அங்க பாக்கலாம்."

அங்கே பார்த்தார்கள். நானும் என் பெற்றோர் கல்லறைக்குப் பூ கொண்டுபோயிருந்தேன். அப்பா கல்லின் இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம். போரில் இறந்தவர்களுக்கு மரியாதையாக வெடிக்கும் துப்பாக்கிகள் வெடித்து முடிந்ததும் மைரன் சமூகக்கூடத்துச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் லிங்கனுக்குக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதிலும் மருமகள் ஜனெல் கையெழுத்து.

இந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்று, ஏப்ரலில் லூமிர் தவளையை என் கடை வாசலில் நிறுத்தினார். கூரை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது.

"வெர்னா, பின்சீட்டுல கால் வைக்க இடம் பண்ணணும்."

நான் வாயில் ஆணியோடு வண்டியைச் சுற்றிவந்தேன்.

"என்ன வேணா வெட்டு. என்ன வேணா ஒட்ட வை. தரைய வேணா அறுத்துடறேன், வெல்டிங் மெஷின் இருக்கு." பிறகு ஆல்பினாவின் சீட்டைக் காட்டினார். "இத மட்டும் தொடக் கூடாது. அவ எப்படி வச்சிருந்தாளோ அப்படியே இருக்கணும். அவளுக்கு இந்தச் சீட்டுன்னா உசுரு. ஒரு நூலக்கூட மாத்தவிடமாட்டா."

என் வாயில் ஆணி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வண்டியைப் பார்க்கிற யாருக்கும் தெரியும், ஒரு லீவரைத் தூக்கினால் முடிகிற காரியம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. "இந்த வருஷமும் அவன் தனியா வந்து தனியாப் போனான்னா, அதுக்கடுத்த வருஷம் வரமாட்டான், வெர்னா" என்று மட்டும் சொன்னார், பெஞ்சின் போல்ட்டைக் கழற்றியபடி, என் முகத்தைப் பார்க்காமல்.

ஆறு வாரம் வேலை நடந்தது. முதலில் பெஞ்சைப் பின்னால் தள்ளினோம். மூன்று அங்குலத்துக்கு மேல் போகவில்லை, பின்கதவு இடித்தது. பெஞ்சின் முன்விளிம்பில் நான் இரண்டு அங்குலம் குறைத்தேன். அதற்கு மேல் குறைத்தால் தொடைக்கு ஆதாரம் இருக்காது.

"போதுமா?" என்றார்.

"யாருக்குத் தெரியும். மைரன் வந்து உட்கார்ந்தாத்தானே."

"அவன் வரவேண்டாம். அவனச் செஞ்சுடலாம்."

என் கடையிலிருந்தே போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம், அதனால் ரிசீவரைத் தள்ளிப்பிடித்து உரக்கப் பேசுவார். மறுமுனையில் ஜனெல் பேசுவது எனக்கும் கேட்டது.

"ஜனெல், அவன் இருக்கானா?"

"சோபால படுத்துத் தூங்கறார் மாமா. எழுப்பட்டுமா?"

"எழுப்பாத, எழுப்பாத. ஒரு டேப் எடுத்து அவன் கால அள."

"எதுக்கு மாமா? சவப்பெட்டியா செய்யறீங்க?"

"பேன்ட் தைக்க."

"நீங்களா? பேன்ட்டா?" சிரிப்புச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "குதிகால்ல இருந்து முட்டி இருபத்து நாலு. முட்டில இருந்து பின்பக்கம் இருபத்தாறரை. தலை வரைக்கும் அளக்கட்டுமா?"

"தலைய விடும்மா. அதுல என்ன இருக்கு. காலு போதும்."

பழைய கொட்டகைப் பலகையில் இரண்டு கால் செய்தார். முட்டியில் கதவுக்கீல். கீழே மைரன் பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடின காலத்து பூட்ஸ். மேலே இடுப்புக்கு ஒரு தீவனமூட்டை. வலதுமுட்டிக் கீலில் ஒரு ஆணி அடித்து முழுசாக மடங்காதபடி செய்தார். அதை மட்டும் அவர் மெதுவாக, இரண்டுமுறை சரிபார்த்துச் செய்தார். பெஞ்சில் உட்காரவைத்து, "வாடா மைரன், சௌரியமா இருக்கா?" என்றார்.

பலகைமுட்டி ஆல்பினா சீட்டின் முதுகில் இடித்து, உள்ளே போயிற்று.

லூமிர் குனிந்து பார்த்தார். "அட. எவ்வளவு உள்ள போகுது பாரு. பழசாகி துவண்டுபோச்சு."

நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த நூலையே மறுபடி கோத்தேன்.

அந்த இரண்டு அங்குலம் போயும் இடது கால் பத்தவில்லை, வலது கால் சுத்தமாகப் பத்தவில்லை. லூமிர் நாள்முழுக்க வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கடையில் கிடந்த பால் கறக்கும் முக்காலியில். குட்டை மனிதர், ஆனாலும் அந்த முக்காலியில் அவர் முட்டியும் மார்புக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தோன்றியது. நான் வேலை செய்கிற உயர நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தானாகக் கீழே தொங்குகிறது. முட்டிக்கு முன்னால் இடமே வேண்டியதில்லை.

"சீட்ட மேல தூக்கலாமே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் எப்போதாவதுதான் பேசுவேன் என்பதால் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது.

"தூக்கினா?"

"கால் கீழ போயிடும். முன்னால நீட்ட வேணாம்."

அவர் எழுந்து வானத்தைப் பார்த்தார். கூரையில்லாத தவளைக்கு மேல் மே மாத வானம் முழுக்கத் திறந்துகிடந்தது. "மேலதான் யாரு நம்மளத் தடுக்கறது! பொண்ணே, இத முப்பத்தேழு வருஷமா யாருமே யோசிக்கலையே!"

இரும்புக்கோணம் வெட்டி, பெஞ்சுக்கு அடியில் ஐந்து அங்குலம் உயரத்தில் பற்றவைத்தார். மெத்தையைப் புதிதாகக் கட்டி, பழைய பச்சைக்கு ஒத்த பச்சையில் உறை தைத்தேன். பலகை மைரனை ஏற்றினோம். இரண்டு பூட்ஸும் தரையில் நிம்மதியாக நின்றன. ஆணியடித்த முட்டிக்கு முன்னால் என் உள்ளங்கை போகிற அளவு இடம். லூமிர் தீவனமூட்டையின் தோளில் தட்டிக்கொடுத்தார். அதற்குத் தோள்வரைதான் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லாததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பூ வைக்கிற திங்கட்கிழமை விடிந்தபோது மழை. சாதாரண மழை இல்லை, ஐஸ்துண்டு கலந்து சாய்வாக அடிக்கிற மழை. மே மாதக் கடைசியில் மூச்சு புகையாக வந்தது. உன் வேலையை நீயே உட்கார்ந்து பார், எங்களோடு வா என்று லூமிர் சொல்லியிருந்ததால் என் பூ டப்பாக்களோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பியோனிகள் மழையில் தலை தொங்கி நின்றன.

"கூரைய எறக்கவேண்டியதுதான்" என்றார். "ஆபரேஷன் ஆன முட்டி. அவன நனைய விடமுடியாது."

வீட்டுச் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொட்டகையில் கயிற்றைத் தளர்த்தி, நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக் கூரையை இறக்கி வண்டிமேல் பொருத்தினோம். எட்டு போல்ட். கடைசி போல்ட் முறுக்கும்போதும் எனக்குத் தோன்றவில்லை.

பத்துமணிக்கு மைரன் வந்தார். ஜனெலுக்கு வேலை, தனியாக வந்திருந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். ரோடு எப்படி இருந்தது?"

"மோசம். இப்ப சீவறவன் தூங்கிக்கிட்டே சீவறான் போல."

லூமிர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "ஏறு" என்றார். "பின்னால. ஏறிப் பாரேன்."

மைரன் பார்த்தார். உயர்ந்திருந்த பெஞ்சு, புது உறை. ஒன்றும் கேட்காமல், கம்பியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்து, ஏறினார். கால்கள் பலகைக்கால்கள் போலவே போய் நின்றன. அவர் தன் முட்டியைப் பார்த்து, அதற்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

கூரையில் டங்கென்று சத்தம்.

கழுத்தை இடதுபக்கம் சாய்த்தார். வலதுபக்கம் சாய்த்தார். கடைசியில் மோவாயை மார்பில் ஒட்டிவைத்துக்கொண்டார், மழையில் நின்ற பியோனி மாதிரி.

"காலுக்கு இடம் நல்லா இருக்குப்பா" என்றார் அந்த நிலையில். "தலைய எங்க வைக்கட்டும்? மடிலயா?"

வேறு நாளாக இருந்தால் அதற்கு எல்லாரும் சிரித்திருப்போம். லூமிர் கொட்டகை வாசலில் நின்றார். முகம் சின்னதாகிவிட்டது.

"தலைய அளக்கல" என்றார் என்னைப் பார்த்து. "ஜனெல் கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

"எதை அளக்கல?" என்றார் மைரன்.

"ஒண்ணுமில்ல. சொல்லு, வீட்டுல நிக்கற பிக்கப் வண்டில போகலாம்னுதானே சொல்லப்போற. சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"மனசுல சொல்ற."

"மனசுல சொல்றதுக்கும் திட்டா? போன வருஷம் வாய்விட்டே சொன்னேன். லீவரத் தொட்டதுக்கே பாத்தீங்களே." மைரன் ஒரு காலை இறக்கினார், பிறகு வலிக்கும் காலை. "விடுங்கப்பா. நான் என் கார்ல வரேன். அங்க பாக்கலாம்."

போன வருஷத்து வார்த்தை. அதே வார்த்தை. லூமிர் ஆல்பினாவின் சீட்டுப் பக்கம் திரும்பி, பூ டப்பாவுக்கு பெல்ட்டை இழுக்க ஆரம்பித்தார். கொக்கியை இரண்டு தடவை அழுத்தினார், மாட்டவில்லை. மைரன் மழைக்குள் இரண்டு அடி வைத்துவிட்டார்.

"அது ஆல்பினா சீட்டு இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. நான் சொல்ல நினைத்தது அது இல்லை.

"ஆல்பினா சீட்டுதான். ஆனா வாங்கினப்ப இருந்த மாதிரி இல்ல. நான் மாத்தினேன். அவங்க கழட்டிக் கொண்டுவந்தாங்க. உள்ள இருந்த பஞ்சு, சுருள்கம்பி, எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாங்க. மைரன் முட்டிக்கு இடம் வேணும்னு."

மழை கொட்டகைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ?" என்றார் லூமிர்.

"எழுபத்தெட்டு. சோளம் விதைக்கறப்ப. நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க."

அவர் வண்டிக்குப் பின்னால் போய், கையை நீட்டி, அந்தச் சீட்டின் முதுகை அழுத்தினார். மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று. கையை எடுத்தார். உறை மறுபடி நேராயிற்று. மறுபடி அழுத்தினார். பிறகு முன்னால் வந்து நீலத்திண்டை எடுத்தார். ஒன்பது வருஷத்தில் அதை யாரும் எடுத்ததில்லை, அடியில் உறையின் நிறம் புதிதாக இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவி, குறுக்குக்கம்பியைக் கண்டுபிடித்தார்.

"முதுகுவலின்னு சொன்னா" என்றார். "நான் அவள கிராண்ட் ஐலண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் ஒண்ணுமில்லன்னார். அவ என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா தவளைய வித்துடுவீங்கன்னாங்க. ஞாயித்துக்கிழமைல கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போகவேண்டியிருக்கும்னாங்க."

அவர் கையிலிருந்த திண்டைத் திருப்பிப் பார்த்தார். "வித்திருப்பேன்" என்றார் கடைசியில்.

மைரன் மழையிலேயே நின்றிருந்தார். "நான் பழசாகி மெத்துன்னு ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். "எல்லார்கிட்டயும் சொல்வேன், அம்மா சீட்டு பின்னாலதான் சௌரியம்னு."

ஆல்பினாவுக்குக் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருஷம் காப்பாற்றியது. யாரும் என்னைப் பார்க்காதபடி என் பூ டப்பாக்களை எடுத்துக்கொண்டு பின்பெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. நல்ல சீட்டு, நானே சொல்லக்கூடாது.

லூமிர் பூ டப்பாவின் பெல்ட்டைக் கழற்றி டப்பாவைக் கையில் எடுத்தார். சீட்டில் கிடந்த இரண்டு இதழ்களைத் தட்டிவிட்டார்.

"உக்காரு."

மைரன் நகரவில்லை. "அங்கயா?"

"வேற எங்க? அங்க நிக்காத, நனையற."

மைரன் வந்து, பழக்கத்தில் லீவரைத் தேடிக் கையைக் கீழே விட்டார்.

"அதத் தொடாத" என்றார் லூமிர். கோபமாக இல்லை. "தொடவேண்டாம். உனக்கு அளவாத்தான் இருக்கும்."

இருந்தது. ஆல்பினாவின் காலுக்காகக் கடைசிப் பல்லில் நிறுத்தியிருந்த சீட்டு. மைரனின் இடதுகால் சாதாரணமாக மடங்கியது, வலதுகால் ஆல்பினாவின் கால் போலவே நீண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் போய் நின்றது. ஒரு பல்லும் நகர்த்தவேண்டியிருக்கவில்லை. அவர் முதுகைச் சாய்த்தார், உடனே முன்னால் வந்தார்.

"ஐயோ. இந்தக் கம்பியிலயா அம்மா உட்கார்ந்தாங்க?"

லூமிர் நீலத்திண்டைக் கொடுத்தார். மைரன் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். லூமிர் பூ டப்பாவை அவர் மடியில் வைத்தார். விளிம்புவரை தண்ணீர். வண்டியைச் சுற்றிவந்து தன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது, அவர் பக்கம் இருந்தது.

பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு குட்டைத் தலை, பக்கத்தில் ஒரு நெட்டைத் தலை. நெட்டைத் தலை கூரைக்கு ஓரங்குலம் கீழே.

வீட்டுச் சந்திலிருந்து சரளை ரோட்டுக்குத் திரும்பினோம். மழையில் புதுக்குழிகள் விழுந்திருந்தன. பாலத்துக்கு முன்னால் லூமிர் வேகத்தைக் குறைத்தார்.

"தளும்புதா?"

மைரன் குனிந்தார். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் பலகைகள் கடகடத்தன.

"இங்க தளும்புது" என்றார். "இங்கயும். பேன்ட் முழுக்க நனைஞ்சாச்சுப்பா."

"சொன்னேன்ல?" என்றார் லூமிர். "இப்ப சீவறவன் சீவறானா? தூங்கறான்! திங்கட்கிழமை இதே இடத்துக்கு நான் அவனக் கூட்டிட்டு வரேன்."

"இன்னிக்கே திங்கட்கிழமைதான்."

"அப்ப நாளைக்கு." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்கு நீ இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றார் மைரன்.

கல்லறைத் தோட்டத்து வளைவில் இன்னொரு பள்ளம் வந்தது. லூமிர் அதைச் சுற்றிப் போகாமல் வண்டியை நேராக விட்டார்.